பெக்கெட் எதற்காகச் செத்தார்?

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த இரண்டு வருடத்தில் தாமஸ் பெக்கெட்டை இரண்டு முறை சந்தித்தேன். முதல் செமஸ்டரில் சாசர். கான்டர்பரிக்குக் கிளம்பும் அந்த யாத்ரீகர் கூட்டம் கும்பிடப் போகிற புனிதர் இவர்தான். மூன்றாம் செமஸ்டரில் டி.எஸ். எலியட். 'மர்டர் இன் த கதீட்ரல்' நாடகத்தில் வெட்டிக் கொல்லப்படுகிறவரும் இவர்தான். இரண்டு தடவையும் நோட்டில் எழுதிக்கொண்டது ஒரே வரி: திருச்சபைக்கும் அரசுக்கும் நடந்த போராட்டத்தில் உயிர்விட்ட தியாகி. பத்து மார்க் கேள்விக்கு அது போதும்.

போராட்டம் எதைப் பற்றி என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும்தான். பல வருஷம் கழித்து ரிச்சர்ட் பர்ட்டனும் பீட்டர் ஓ'டூலும் நடித்த 'பெக்கெட்' (1964) படத்தைப் பார்த்துவிட்டு, இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ரீல் என்று தேட ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, சண்டை கடவுளைப் பற்றித் தொடங்கவே இல்லை. கொலைக் கேஸ்களைப் பற்றித் தொடங்கியது. அவற்றில் பெயர்பெற்ற ஒன்றில் கொன்றதாகச் சொல்லப்பட்டவர் ஒரு பாதிரியார். நான் இத்தனை நாள் மனசில் வைத்திருந்த தியாகி, அப்படிப்பட்டவர்களை ராஜாவின் தூக்குமேடைக்கு அனுப்ப முடியாது என்று நின்றவர்.

இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

*

பாதிரியார் என்றதும் அங்கி போட்டுப் பூசை வைக்கிறவரை மட்டும் நினைக்க வேண்டாம். 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உச்சந்தலையை வட்டமாக மழித்துக்கொண்டு சபையின் ஏதாவது ஒரு படியில் சேர்ந்துவிட்ட எல்லோருமே 'கிளெரிக்'. பூசை வைக்கத் தகுதி இல்லாத கீழ்ப்படிக்காரர்கள், மாணவர்கள், பிரபு வீட்டில் கணக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்றாலே கிட்டத்தட்ட சபைக்காரன். நம் ஆபீஸ்களில் இருக்கிற 'கிளார்க்' இந்தச் சொல்லின் பேரன்தான்.

இவர்களில் ஒருவர் திருடினாலோ கொன்றாலோ ராஜாவின் நீதிமன்றம் தொட முடியாது, ஆயரின் நீதிமன்றம்தான் விசாரிக்கும் என்பது சபையின் வாதம். ஆயரின் நீதிமன்றமோ ரத்தம் சிந்தும் தண்டனை கொடுக்கக் கூடாது. அதிகபட்சம் பட்டத்தைப் பறிக்கலாம், மடத்தில் அடைக்கலாம், பிராயச்சித்தம் விதிக்கலாம். அதே குற்றத்தைப் பக்கத்து வீட்டுத் தச்சன் செய்திருந்தால் தூக்கு, இல்லையென்றால் கையோ காலோ போகும்.

பெட்ஃபர்டைச் சேர்ந்த ஃபிலிப் டி ப்ரோய் கேனன் பதவியில் இருந்தவர். ஒரு நைட்டைக் கொன்றதாக அவர்மேல் குற்றச்சாட்டு. சபை நீதிமன்றத்தில் அவர் சத்தியம் செய்தார். அந்தக் கால வழக்கப்படி, குற்றம்சாட்டப்பட்டவர் நான் நிரபராதி என்று சத்தியம் செய்ய வேண்டும், இவர் சத்தியம் சுத்தமானது என்று குறிப்பிட்ட எண்ணிக்கையில் வேறு ஆட்களும் சத்தியம் செய்ய வேண்டும். சாட்சி, தடயம் எல்லாம் இரண்டாம்பட்சம். ஃபிலிப் விடுதலையானார். 1163-ல் சைமன் ஃபிட்ஸ்பீட்டர் என்ற அரச நீதிபதி கேஸை மறுபடி எடுக்கப் பார்த்தார். ஃபிலிப் அவரைப் பொது இடத்தில் கண்டபடி ஏசினார். நீதிபதி நேராக ராஜாவிடம் போனார்.

ராஜா இரண்டாம் ஹென்றி. வேறொரு சமயம் கோபத்தில் துணிகளைக் கழற்றி எறிந்து, படுக்கையிலிருந்த வைக்கோலைப் பிடுங்கி மென்றார் என்று அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. அப்படிப்பட்ட ஆளிடம் போய் 'உங்கள் நீதிபதியை ஒரு கொலைகாரன் திட்டிவிட்டான்' என்றால் எப்படி இருக்கும்! ஆனால் சபை கொலைக் கேஸை மறுபடி திறக்க மறுத்தது. அது முடிந்த கேஸ். நீதிபதியை அவமானப்படுத்தியதற்கு மட்டும் ஃபிலிப்புக்குத் தண்டனை கிடைத்தது. அதாவது, நைட்டைக் கொன்றதாகச் சொன்னதற்கு ஒன்றுமில்லை, ஏசியதற்குத் தண்டனை.

ஹென்றி பட்டத்துக்கு வந்த 1154-லிருந்து சபைக்காரர்கள் செய்த கொலைகள் மட்டும் நூற்றுக்கு மேல் என்று அவருடைய நீதிபதிகள் முறையிட்டார்களாம். எழுதி வைத்தவர் நியூபரோ வில்லியம், அவரே ஒரு துறவி. எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டாலும், இங்கே என் அனுதாபம் ராஜா பக்கம்தான். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

*

பெக்கெட் பிறவிப் புனிதர் இல்லை. லண்டன் சீப்சைட் வணிகர் மகன். 1155-ல் ஹென்றியின் சான்சலர் ஆனார். 1158-ல் பாரிஸுக்குத் தூது போனபோது அவர் ஊர்வலத்தில் வண்டி வண்டியாக பீர் போனது, குதிரைகளின் முதுகில் குரங்குகள் உட்கார்ந்து போயின, அவருக்கு மாற்று உடுப்பு மட்டும் இருபத்து நான்கு என்று அவரிடம் வேலை பார்த்த வில்லியம் ஃபிட்ஸ்டீஃபன் எழுதுகிறார். 1159-ல் துலூஸ் படையெடுப்புக்காகச் சபையிடமே பணத்தைக் கறந்தவர்.

ராஜாவும் அவரும் எப்படிப் பழகினார்கள் என்பதற்கு ஃபிட்ஸ்டீஃபன் ஒரு காட்சி தருகிறார். குளிர்காலம். இருவரும் லண்டன் தெருவில் குதிரையில் போகிறார்கள். கந்தல் துணியோடு ஒரு கிழவர் வருகிறார். இவருக்கு நல்ல போர்வை ஒன்று கொடுத்தால் எவ்வளவு புண்ணியம் என்கிறார் ராஜா. ஆமாம், கொடுங்கள் என்கிறார் பெக்கெட். உடனே ராஜா பெக்கெட்டின் விலையுயர்ந்த சிவப்பு மேலங்கியைப் பிடித்து இழுக்கிறார். நடுத்தெருவில் இருவரும் கட்டிப்பிடித்துத் தள்ளுமுள்ளு. கடைசியில் அங்கி கிழவருக்குப் போகிறது, பின்னால் வந்தவர்கள் சிரிக்கிறார்கள். படித்தபோது நானும் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது, தருமம் ராஜாவுடையது, துணி இன்னொருவருடையது என்பது கண்ணில் பட்டது.

1162-ல் இதே நண்பரைக் கான்டர்பரியின் பேராயராக ஆக்கினார் ஹென்றி. ஒரே ஆள் இரண்டு பதவியிலும் இருந்தால் சபை நம் கைக்குள் என்று கணக்கு. பேராயரானதும் பெக்கெட் சான்சலர் பதவியை ராஜினாமா செய்தார். மனமாற்றமா, பதவி மாறியதும் விசுவாசம் மாறியதா என்று எண்ணூறு வருஷத்துக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது, எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்த நாற்காலியாகவே ஆகிவிடுகிற சிலர் உண்டு, அவர் அந்த வகை.

1164 ஜனவரியில் கிளாரண்டன் என்ற இடத்தில் ஹென்றி பதினாறு விதிகளை நீட்டினார். மூன்றாவது விதிதான் குற்றவாளிக் கிளெரிக்குகளைப் பற்றியது. சபையே விசாரிக்கட்டும், ராஜாவின் ஆள் பக்கத்தில் நின்று பார்ப்பார், குற்றம் நிரூபணமானால் சபை பட்டத்தைப் பறிக்க வேண்டும், பிறகு அவர் சாதாரண ஆள், மற்றவர்களைப் போலத் தண்டனை. இன்றைக்குப் படித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. பட்டத்தைப் பறிப்பதே ஒரு தண்டனை, ஒரே குற்றத்துக்குக் கடவுளே இரண்டு முறை தண்டிப்பதில்லை என்பது பெக்கெட்டின் பதில். கொஞ்சம் வக்கீல்தனமான பதில்தான்.

நான் இவ்வளவு தூரம் ஹென்றி கட்சி. மீதி விதிகளைப் படித்தபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

ராஜாவின் அனுமதி இல்லாமல் எந்த ஆயரும் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. ராஜா சம்மதிக்காமல் வழக்கை ரோமுக்கு மேல்முறையீடாகக் கொண்டுபோகக் கூடாது. ராஜாவிடம் நேரடியாக நிலம் பெற்றவர்களை அவரிடம் சொல்லாமல் சபையிலிருந்து விலக்கக் கூடாது. ஆயர் பதவி காலியாக இருந்தால் அந்த வருமானம் ராஜாவுக்கு. கொலைகாரனைப் பிடிக்கப் போட்ட வலையில் நாட்டின் எல்லா வாசலும் சேர்ந்து மாட்டியிருந்தது. ராஜாவே தப்புச் செய்தால் யாரிடம் போவது?

அந்தக் கேள்விக்கு அதே ஆண்டு அக்டோபரில் நார்தாம்ப்டனில் ஹென்றியே பதில் சொன்னார். பெக்கெட்டை விசாரணைக்கு இழுத்து, சான்சலராக இருந்த காலத்துக் கணக்கையெல்லாம் கேட்டார். பழைய ஃபைலைத் தோண்டுவது. அந்த வித்தை எவ்வளவு பழசு பாருங்கள். பெக்கெட் இரவோடு இரவாகத் தப்பி பிரான்ஸுக்குப் போனார். அவருடைய உறவினர்கள், வேலையாட்கள், அவர்கள் குடும்பங்கள் எல்லோரையும் ஹென்றி நாட்டை விட்டு விரட்டினார். நேரே போய் அவர் முன்னால் நில்லுங்கள், அவர் பார்க்கட்டும் என்று உத்தரவு. இந்த மனிதர்கள் என்ன குற்றம் செய்தார்கள், எந்த நீதிமன்றம் விசாரித்தது? இரண்டு பக்கத்திலும் விசாரணை இல்லாத நீதிதான் இருந்தது.

*

ஆறு வருஷ வனவாசம். 1170 ஜூனில் ஹென்றி தன் மகனுக்கு முடிசூட்டினார். முடிசூட்டுவது கான்டர்பரி பேராயரின் உரிமை. செய்தவர் யார்க் பேராயர். ஜூலையில் ஒப்புக்கு ஒரு சமாதானம். டிசம்பர் 1-ல் பெக்கெட் ஊர் திரும்பினார். முடிசூட்டில் கலந்துகொண்ட ஆயர்களைத் தண்டித்த உத்தரவுகளைத் திரும்பப் பெற மறுத்தார். நார்மண்டியில் கிறிஸ்துமஸ் கொண்டாடிக்கொண்டிருந்த ஹென்றி வெடித்தார். இந்தத் தொல்லை பிடித்த பாதிரியை ஒழிக்க ஆளே இல்லையா என்று கேட்டதாக எல்லோரும் சொல்கிற வசனம் பிற்காலத்தில் உருண்டு திரண்டது. கொலையின்போது உடனிருந்த எட்வர்ட் கிரிம் தரும் வடிவம் வேறு. தன் சோற்றைத் தின்றுவிட்டு, கீழ்க்குடியில் பிறந்த ஒரு கிளார்க் தன்னை அவமானப்படுத்துவதை வேடிக்கை பார்க்கும் துரோகிகள் என்று தன் வீட்டாரையே திட்டுகிறார். எனக்கு இதுதான் அதிகம் பயம் தருகிறது. உத்தரவே இல்லை. கேட்டவர்களாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு நைட்டுகள் புரிந்துகொண்டார்கள். டிசம்பர் 29, செவ்வாய்க்கிழமை, மாலை ஜெப நேரம். கதீட்ரலின் கதவைத் தாழிட வேண்டாம், இது கோட்டை இல்லை என்று பெக்கெட்டே தடுத்தார். தடுக்க நீட்டிய கிரிமின் கை வெட்டுப்பட்டது. அவர்களோடு வந்த ஒருவன், ஹியூ என்று பெயர், 'மோக்ளார்க்' என்று பட்டம், செத்தவரின் கழுத்தில் காலை வைத்து மூளையை வாள்முனையால் தரையில் சிதறவிட்டான். அவனும் சபையின் கீழ்ப்படியில் இருந்த கிளெரிக். பட்டப்பெயரின் அர்த்தமே 'கெட்ட கிளார்க்'.

நான்கு நைட்டுகளில் ஒருவரும் தூக்கில் தொங்கவில்லை. சபைக்காரரைக் கொன்றதால் அவர்களைத் தண்டிப்பது சபையின் வேலை. சபையிடம் தூக்குமேடை கிடையாது. சபை விலக்கம் செய்து, போப் அவர்களைப் புனித பூமிக்கு அனுப்பினார். எந்த விதிவிலக்குக்காக பெக்கெட் செத்தாரோ அதன் நிழலிலேயே அவரைக் கொன்றவர்கள் உயிர் தப்பினார்கள்.

உடலின் மேலுடைகளைக் களைந்தபோது உள்ளே ஆட்டு மயிரில் நெய்த முரட்டு உடுப்பு, அதில் பேன் மொய்த்தது. அதுவரை அவரை அவ்வளவாக நம்பாத துறவிகள் அங்கேயே அழுதார்கள். 1173-ல் புனிதர் பட்டம். 1174 ஜூலை 12-ல் ஹென்றி கான்டர்பரித் தெருவில் வெறுங்காலோடு நடந்து போய், கல்லறை முன் குனிந்து, ஆயர்களிடமும் துறவிகளிடமும் அடி வாங்கினார். மறுநாளே அவருடைய எதிரியான ஸ்காட்லாந்து ராஜா பிடிபட்டார். புனிதர் மன்னித்துவிட்டார் என்று ஊரே சொன்னது. உயிரோடு இருந்தபோது பெக்கெட் ஜெயிக்க முடியாத மூன்றாவது விதியில், செத்தபின் ஜெயித்தார். ஹென்றி விட்டுக்கொடுத்தார்.

*

ஜெயித்த நீதிமன்றம் பிறகு என்ன ஆனது என்று தெரிய சாசரைத் திறந்தால் போதும். 1380-களின் கடைசியில் எழுதத் தொடங்கிய கான்டர்பரி கதைகளில் யாத்ரீகர்கள் போவது பெக்கெட்டின் சமாதிக்கு. கூட்டத்தில் 'சம்மனர்' என்று ஒருவன் வருகிறான். முகமெல்லாம் கொப்புளம், பூண்டு நாற்றம், குடித்தால் லத்தீன் மட்டும்தான் பேசுவான். அவன் வேலை, சபை நீதிமன்றத்துக்கு ஆட்களை அழைக்கும் சம்மன் கொடுப்பது. ஒரு குடம் ஒயின் வாங்கிக் கொடுத்தால் கண்டும் காணாமல் போவான். கூட்டத்து ஃப்ரையர் சொல்லும் கதையில், ஏழை விதவையிடம் பொய் சம்மன் காட்டிக் காசு பிடுங்கப் போகும் ஒரு சம்மனரைச் சாத்தான் தூக்கிக்கொண்டு போகிறான். பெக்கெட் எந்த நீதிமன்றத்துக்காகத் தலையைக் கொடுத்தாரோ, அதன் சேவகன் அவருடைய சமாதிக்கே யாத்திரை போகிறான். சாசர் இதை எங்கும் விளக்குவதில்லை. நாங்கள் வகுப்பில் அந்தக் கொப்புளத்தின் வர்ணனையை மட்டும் ரசித்துவிட்டு நகர்ந்தோம்.

அந்த விலக்கு இன்னும் விசித்திரமான வழியில் இலக்கியத்துக்குள் வந்தது. நீ கிளெரிக்கா என்று சோதிக்க, நீதிமன்றங்கள் காலப்போக்கில் வாசிக்கச் சொல்ல ஆரம்பித்தன. வாசித்தால் கிளெரிக். பெரும்பாலும் 51-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். கழுத்தைக் காப்பாற்றியதால் அதற்கு 'நெக் வெர்ஸ்', கழுத்து வசனம் என்றே பெயர். 1489-ல் ஒரு கட்டுப்பாடு வந்தது: நிஜ சபைக்காரர் அல்லாதவருக்கு ஒரே முறைதான் இந்தச் சலுகை, அடையாளத்துக்குக் கட்டைவிரலில் சூடு. 1598 செப்டம்பரில் நாடகாசிரியர் பென் ஜான்சன், கேப்ரியல் ஸ்பென்சர் என்ற நடிகரை வாள்சண்டையில் கொன்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், வசனத்தை வாசித்தார், விரலில் சூடு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். 'வோல்போன்', 'த ஆல்கெமிஸ்ட்' எல்லாம் அதற்குப் பிறகு எழுதியவை. எழுத்து தெரியாத ஒருவன் அதே குற்றத்துக்கு அதே ஊரில் தொங்கியிருப்பான். பெண்கள் பாதிரியாக முடியாது என்பதால் 17-ஆம் நூற்றாண்டு வரை அவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

வாசிப்புச் சோதனை 1706-ல் போனது. ஆனால் சலுகை போகவில்லை. பாஸ்டன் படுகொலை வழக்கில் குற்றவாளிகளான இரண்டு பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதைக் கேட்டு வாங்கி, கட்டைவிரலில் சூட்டோடு விடுதலையானார்கள். அது 1770 டிசம்பர். பெக்கெட் செத்து, மாதக் கணக்குக்கூடத் தப்பாமல், அறுநூறு வருஷம். இங்கிலாந்தில் 1827-ல்தான் ஒழித்தார்கள்.

இதோடு நிறுத்திவிட்டால் பெக்கெட் ஒரு பெரிய தவறுக்காகச் செத்தார் என்று முடித்துவிடலாம். முடியவில்லை. காரணம் ஸ்டீஃபன் லாங்டன். 1207-ல் போப் இவரைக் கான்டர்பரி பேராயராக்கினார். ஹென்றியின் மகன் ஜான் உள்ளே விடவில்லை. லாங்டன் தங்கியது பிரான்ஸில் போன்டின்யி மடம். பெக்கெட் ஒளிந்திருந்த அதே மடம். இங்கிலாந்து முழுக்கப் பூசை நிறுத்தம், மணி அடிக்காமல் வருஷங்கள் போயின. கடைசியில் ஜான் பணிந்தார். 1215 மாக்னா கார்ட்டாவில் ராஜாவுக்கு ஆலோசனை சொன்னவர்களின் பட்டியலில் முதல் பெயர் லாங்டன். அதன் முதல் ஷரத்து, இங்கிலாந்துச் சபை சுதந்திரமாக இருக்கும் என்பது. விசாரணை இல்லாமல் சுதந்திர மனிதன் யாரையும் சிறைபிடிக்கக் கூடாது என்ற ஷரத்து பின்னால் வருகிறது. 1220-ல் பெக்கெட்டின் எலும்புகளைப் புதுச் சமாதிக்கு மாற்றியவரும் இதே லாங்டன். கெட்ட கிளார்க்கைக் காப்பாற்றிய அதே வாசல் வழியாகத்தான் ராஜாவைக் கேள்வி கேட்கிறவரும் உள்ளே வந்தார். ஒன்றை அடைத்து இன்னொன்றைத் திறந்து வைக்கும் வித்தை அந்தக் காலத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வாசலை முழுக்க அடைத்தவர் எட்டாம் ஹென்றி. 1534-ல் சபைக்குத் தலைவர் நானே என்று சட்டம். ஒத்துக்கொள்ளாத தாமஸ் மோருக்கு மேல்முறையீடு செய்ய இடமே இல்லை. 1535 ஜூலை 6-ல் தலை போனது. அதற்கு முந்தின நாள் மகள் மார்கரெட்டுக்குக் கரித்துண்டால் எழுதிய கடிதத்தில், நாளை புனித தாமஸின் திருநாளுக்கு முந்தின நாள், நான் போவதற்குத் தோதான நாள் என்கிறார். அவர் சொல்லும் தாமஸ் பெக்கெட். கொண்டாட்டம், 1220-ல் எலும்புகளை மாற்றிய நாளுக்கானது.

எலியட்டின் நாடகம் 1935-ல் அந்தக் கதீட்ரல் வளாகத்திலேயே அரங்கேறியது. கொன்ற கையோடு நைட்டுகள் பார்வையாளர்கள் பக்கம் திரும்பி, அரசியல் மேடைப் பேச்சு பாணியில் நியாயம் பேசுவார்கள். செத்தவர் புத்தி பேதலித்துத் தானாகச் செத்தார் என்று தீர்ப்பளிக்கச் சொல்வான் ஒருவன். வகுப்பில் நாங்கள் சிரித்தோம். அந்த நாடகம் 1170 டிசம்பரில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. பெட்ஃபர்ட் கேஸ் நடந்த 1163-க்கு அது போவதில்லை. டென்னிசன், எலியட், அனுய் மூவரும் பெக்கெட்டுக்கு நாடகம் எழுதினார்கள். அனுய் அவரைத் தப்பாக சாக்சன் ஆக்கி, தப்பு என்று தெரிந்த பிறகும் நாடகத்துக்கு நல்லது என்று விட்டுவைத்தார். கொல்லப்பட்ட அந்த நைட்டின் மனைவியோ மகனோ பேசுகிற நாடகம் எதையும் நான் படித்ததில்லை.

1538 செப்டம்பரில் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் சமாதியை உடைத்து, பொன்னையும் கல்லையும் அள்ளிக்கொண்டு போனார்கள். நவம்பர் 16-ல் அறிவிப்பு: பெக்கெட் புனிதர் இல்லை, ராஜாவுக்கு எதிராகக் கலகம் செய்தவர், அவர் படங்களை எடுங்கள், ஜெபப் புத்தகங்களில் அவர் பெயர் இருக்கும் இடத்தையெல்லாம் அழியுங்கள். அந்தப் புத்தகங்கள் பல இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. சிலவற்றில் தோல் தாளைக் கத்தியால் சுரண்டியிருக்கிறார்கள். சிலவற்றில் மை கொட்டி மூடியிருக்கிறார்கள். இன்னும் சிலவற்றில், உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தோம் என்று காட்டினால் போதும் என்று நினைத்தவர்கள், பெயரின் மேல் மெல்லியதாக ஒரே ஒரு கோடு மட்டும் இழுத்து வைத்திருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே பெயரைத் தாராளமாக வாசிக்க முடிகிறது.